வாசனை இல்லாத டப்பா

சுந்தரம்,

நாளை சாயங்காலம் நீ பம்பாய் மெயிலில் ஏறப்போகிறாய். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வேட்டிகளுக்கு மேலேயே இந்தக் காகிதங்களை வைக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உனக்குத் தாளம் போடுவார், நான் கோபித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். நம் வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு அப்படித்தான் முடிந்திருக்கிறது. ரயிலில் நீ என்னோடு எதிர்த்துப் பேச முடியாது. நன்றாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அவசரப்படாமல் படி. உன் சரக்குக்காகப் பம்பாய்க்காரர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சந்தேகப் பிராணி என்பது மயிலாப்பூரில் நம் தெரு முழுவதற்கும் தெரியும். பால்காரன் சொம்பை நீட்டினால் நான் மூக்கை நீட்டுவேன். நெய்யை முகர்ந்து பார்ப்பேன், புதுப் புடவையை முகர்ந்து பார்ப்பேன், உன் அப்பா கிளப்பிலிருந்து திரும்பினால் அவருடைய கோட்டையும் முகர்ந்து பார்ப்பேன். ‘சி.ஐ.டி. வந்தாச்சு’ என்று அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். சிரிக்கட்டும். ஆனால் உனக்கு ஒரு விஷயம் மறந்துபோயிருக்கும். உன் அத்தை கல்யாணத்தில், வருகிறவர்களுக்குப் பன்னீரும் சந்தனமும் கொடுக்கும் இடத்தில் நான்தான் நின்றேன். சந்தனக் கிண்ணத்தைத் திறந்ததும் மணம் பந்தல் வாசல் வரைக்கும் போயிற்று. எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நம் கையால் அரைத்த சந்தனம் கிட்டே போனால்தான் தெரியும். இது சந்தைக்காரன் மாதிரி கூவிக் கூப்பிட்டது. சொன்னேன், யாரும் கேட்கவில்லை. விருந்து முடிவதற்குள் பாதிப் பேர் புறங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஏதோ மரத்தூளில் வாசனைத் தைலத்தைக் கொட்டிக் குழைத்துத் தலையில் கட்டிவிட்டிருந்தான் கடைக்காரன். நீ அப்போது சின்னப் பிள்ளை. ஆசையாகக் கழுத்து பூராவும் அப்பிக்கொண்டு, ராத்திரியெல்லாம் என் மடியில் கிடந்து அழுதாய். மணம் அதிகமாக இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

ஏரியைத் தூர்த்து மனை போட்ட மாம்பலத்தில் நீ கொட்டகை எடுத்து, முகத்துக்குப் பூசும் ஸ்நோ காய்ச்சப்போகிறேன் என்றபோது நான் குறுக்கே நின்றேனா, சொல்? ரசாயனம் படித்த பிள்ளை, சீமைச் சரக்குக்குப் பதிலாக நம் ஊர்ச் சரக்கு செய்யட்டும் என்று சந்தோஷப்பட்டேன். உன் அப்பாதான் ‘காலேஜ்ல படிச்சவன் பெண்டுகளுக்கு மூஞ்சிப்பூச்சு விக்கப் போறானா’ என்று முணுமுணுத்தார். அவர் வாயை அடைத்தவள் நான். அதனால் என்னை உன் தொழிலுக்கு விரோதி என்று நினைத்துவிடாதே. எனக்கு விரோதம் ஒரே ஒரு சாமான் மேல்தான். பாரிமுனை ஏஜெண்டிடமிருந்து நீ வாங்கிக்கொண்டு வந்தாயே, பச்சை நிறத்தில் ஓர் எண்ணெய், அதன்மேல்.

அன்று கூடத்தில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ‘அம்மா, இதை மோந்து பாரேன். இத்தாலியில ஒரு புளிப்பு நார்த்தங்கா இருக்கு, அதோட தோலைப் பிழிஞ்சு எடுக்கறாங்க’ என்று சீசாவை நீட்டினாய். முகர்ந்தேன். பொய் சொல்வானேன், மனசே ஒரு நிமிஷம் குளிர்ந்துவிட்டது. ‘நல்லாத்தான் இருக்கு. இது முகத்துக்கு என்ன பண்ணும்?’ என்று கேட்டேன். ‘வாசனையா இருக்கும்’ என்றாய். ‘அது மூக்குக்கு. தோலுக்கு என்ன பண்ணும்னு கேட்டேன்.’ ‘தோலுக்கு ஒண்ணும் பண்ணாது அம்மா.’ ‘ஒண்ணும் பண்ணாததை எதுக்குத் தோல்ல தடவணும்?’ உன் அப்பா பத்திரிகையை மடித்துவிட்டு, ‘விசாரணை ஆரம்பிச்சாச்சு, சாட்சியைக் கூப்பிடு’ என்றார். நீயும் சிரித்தாய். பிறகு ஒரு சமாதானம் சொன்னாய். ‘ஓடிகொலோன்ல இதே எண்ணெய்தான் இருக்கு. காய்ச்சல் வந்தா துணியில நனைச்சு நெத்தியில போடறோமே, யாருக்காவது ஏதாவது ஆச்சா?’ சீசாவை மூடி உன்னிடமே கொடுத்தேன். ஆனால் மனசு மூடிக்கொள்ளவில்லை.

நீ சோதித்துப் பார்க்காமல் இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன். என் முழங்கையின் உள்பக்கத்தில் தடவினாய். உன் தங்கை ராஜத்துக்குத் தடவினாய். மெல்லிய துணியால் கட்டி, மறுநாள் அவிழ்த்துப் பார்த்தாய். சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து மாமிகளும் பெருமையாகக் கையை நீட்டினார்கள். அத்தனை கையிலும் ஒரே பதில். ஒருத்திக்குக் கூட ஒரு சின்னத் தடிப்பு இல்லையா என்று எனக்கு அதுவே உறுத்திற்று. ராஜத்துக்குப் புது வளையல் போட்டாலே தோல் தடித்துப்போகும். அவளுக்குக்கூட ஒன்றும் இல்லை என்றால் சரக்கு சுத்தமா, இல்லை சோதனையில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்தேன். எங்கே விட்டது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது அஞ்சலையால். ஊரூர் குப்பத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவருகிறவள். பங்குனி உற்சவத்துக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால் அவள் கடைசியாக வந்த அன்று நீ வீட்டில் இருந்தாய். கூடையை இறக்கியதுமே, ‘இன்னாம்மா, ஊடு பூரா கமகமன்னு கீது? நைனா இன்னா காச்சிக்கினு கீது?’ என்றாள். நீ டப்பாவைக் காட்டினாய். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே முகர்ந்தாள். ‘எனக்கொரு டப்பா குடேன் நைனா. டிராமுல ஏறுனா மூக்கப் பொத்திக்கினு தள்ளிக் குந்துறாங்க. ஒரு நாளாவது பக்கத்துல குந்தட்டும்’ என்றாள். நீ உடனே எடுத்துக் கொடுத்தாய். யோசிக்கவே இல்லை. அன்று உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

உற்சவம் முடிகிறவரை நாம் மீன் வாங்குவதில்லை. அது முடிந்து அவள் திரும்பி வந்தபோது, அந்த வெயிலில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். அஞ்சலை எப்போதடா கழுத்தை மூடினாள்? ‘என்ன அஞ்சலை, குளிருதா?’ என்று கேட்டேன். ‘ஒண்ணுமில்லம்மா’ என்றாள். நான் விடுவேனா? விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து எலும்புவரைக்கும், இரண்டு பக்கமும், கரியால் கோடு இழுத்த மாதிரி தடம் தடமாகக் கறுத்திருந்தது. வியர்வை எப்படி வழியுமோ அப்படியே அந்தத் தடமும் இறங்கியிருந்தது. ‘மொதல்ல நெருப்பு வச்சாப்ல எரிஞ்சுதும்மா. அப்பால கொப்பளம் போட்டுச்சு. இப்ப கறுத்துக்கினு கீது. யார்கிட்ட ஒதை வாங்கினேன்னு குப்பத்துல கேக்குறாளுங்க’ என்றாள். முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டு, ‘நைனா மேல தப்பு சொல்லல. ஆசப்பட்டு வாங்கிக்கினது நான்தானே’ என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நாள் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு என்ன கேட்டாள்?

அன்று மாலை நீ வந்ததும் சொன்னேன். சட்டைகூடக் கழற்றாமல் ஒரு பதில் சொன்னாய். ‘மீன் தண்ணி பட்டிருக்கும். கூடையில உப்பு இருக்கு. அவங்களுக்கெல்லாம் சுத்தம் போதாது அம்மா.’ அந்தப் பதிலை நான் நம்பவில்லை. அதே கூடையை, அதே உப்புத் தண்ணீரை, உனக்குப் பல் முளைக்காத காலத்திலிருந்து அவள் தலையில் சுமக்கிறாள். அப்போதெல்லாம் கறுக்காத கழுத்து இப்போது ஏன் கறுக்க வேண்டும்? புதிதாக அவள் மேல் பட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் தடவிக்கொண்டதும் நாங்கள் தடவிக்கொண்டதும் ஒரே டப்பா. அப்படியானால் அவளுக்கு இருந்து எங்களுக்கு இல்லாதது எது? மறுநாள் சோறு வடிக்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சித் தண்ணீரை வெளியே கொட்டப் போனேன், வாசலில் வெயில் முகத்தில் அறைந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். வெயில், சுந்தரம். நீ சோதித்த கைகளில் ஒன்றாவது வெயில் பார்த்த கையா? வெளியே போனாலும் குடையும் ஜட்காவுமாகப் போகிற கைகள், அதிலும் முழங்கையின் உள்பக்கம், அதிலும் துணி கட்டி. ஓடிகொலோன் துணியும் அப்படித்தானே? காய்ச்சல்காரனை இருட்டறையில் படுக்கவைத்துத்தானே நெற்றியில் போடுகிறோம்? நம்மைப் போன்ற வீட்டில்தான் இப்படிச் சோதிப்பார்கள், நம்மைப் போன்ற வீட்டில்தான் அதை நம்பவும் செய்வார்கள்.

சித்திரை வந்ததும் நான் எப்போதும் போல மொட்டை மாடியில் வற்றல் பிழிந்தேன். காக்கை விரட்ட எப்படியும் உட்கார வேண்டும்; கையும் சும்மாதானே இருக்கிறது? வாசனை சேர்க்காத ஸ்நோ கொஞ்சம் கொண்டுவா என்று உன்னிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாய். முன்கையில் மணிக்கட்டுப் பக்கம் வாசனை ஸ்நோவைத் தடவினேன். அதற்கு மேலே வாசனையில்லாதது. அதற்கும் மேலே மறுபடி வாசனையுள்ளது, ஆனால் உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதன்மேல் நாலு சுற்றுச் சுற்றினேன். குடையைத் தலைக்குப் பிடித்தேன், கைக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா மாடிப்படியில் நின்று, ‘கைக்கு என்ன, வற்றலோட சேர்த்துக் காயப்போடறியா?’ என்றார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மணிக்கட்டுப் பக்கம் சிவந்தது. அடுத்த நாள் எரிந்தது பாரு, அஞ்சலை நெருப்பு என்றாளே, அது மிகையே இல்லை. பிறகு கறுத்தது. நடுவில் தடவிய இடம் சும்மா இருந்தது. துணி சுற்றிய இடமும் சும்மா இருந்தது. எண்ணெய் மட்டும் ஒன்றும் செய்யவில்லை, வெயில் மட்டும் ஒன்றும் செய்யவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் பொசுக்குகிறது. நான் காலேஜுக்குப் போகவில்லை. ஆனாலும் இதில் ஓட்டை இருந்தால் நீ சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அதை நான் தேடவில்லை, அதுவாக வந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த வாசனையில்லாத ஸ்நோவை அடுக்களைச் சுவர்ப் பிறையில் மூடி வைத்திருந்தேன். சித்திரைப் புழுக்கத்தில் சீக்கிரமே கிட்டே போக முடியாமல் போயிற்று. காறிப்போன எண்ணெயின் வாடை. அதே நாளில் காய்ச்சிய வாசனை டப்பாவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நார்த்தங்காய் மணத்தைத் தாண்டி அடியில் முகர்ந்தேன். அங்கேயும் அதே காறல் இருந்தது, நன்றாகப் போர்த்திக்கொண்டு. இந்த எண்ணெய் தோலுக்கு ஒன்றும் பண்ணாது என்று சொன்னாயே, அது யாருக்கு உபயோகம் என்று அப்போது எனக்கு விளங்கிவிட்டது. பூசிக்கொள்கிறவளுக்கு இல்லை, பழைய எண்ணெயை உள்ளே வைத்து அடைக்கிறவனுக்கு. அத்தை கல்யாணத்துச் சந்தனக் கிண்ணத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் கையை உன்னிடம் காட்டினேன். கிண்ணத்தையும் காட்டினேன். நீ சிரிப்பாய் என்று தயாராக இருந்தேன், நீ சிரிக்கவில்லை. கறுப்பை விரலால் லேசாகத் தொட்டு, ‘எரியுதா அம்மா?’ என்று கேட்டாய். என் பிள்ளை என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் சொன்னாய்: ‘பம்பாய்க்காரங்களுக்கு இந்த வாசனைதான் பிடிச்சிருக்கு. இதை வாங்கப்போறவங்க யாரு அம்மா? வீட்டுக்குள்ள இருக்கறவங்க. வெயில்ல அலையறவங்க இதெல்லாம் வாங்க மாட்டாங்க.’ அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் முந்தானையை இழுத்து அந்தக் கறுப்பை மூடப்பார்த்தாய். அதுவரைக்கும் நான் அந்தச் சீசாவைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பெற்ற பிள்ளையை முகர்ந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது. வெயிலில் போகிறவள் வாங்க மாட்டாள் என்றாயே, அஞ்சலைக்கு டப்பாவைக் கொடுத்தது யார்?

இப்போது இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நீ இரண்டு பொட்டலம் கொடுத்தாய். ஒன்று, வைகாசியில் உன் கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கச் சின்ன டப்பாக்கள். இன்னொன்று பட்டுக் காகிதம் சுற்றிய பெரிய டப்பா. அதை வெள்ளிக்கிழமை அடையாறுக்கு, லலிதா வீட்டுக்கு அனுப்பச் சொன்னாய். நம் வீட்டுக்கு வரப்போகிற பெண். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். உச்சி வெயிலில் நடந்து வருகிறாள் என்று நிச்சயதார்த்தத்தன்றே உன் அப்பா குறை சொன்னார். அதிலென்ன குறை என்று நீ அவரிடம் சண்டைக்குப் போனாய். அந்தப் பெண்ணின் கழுத்தை நினைத்தேன். என் கை தானாகவே பட்டுக் காகிதத்தைப் பிரித்துவிட்டது. மன்னித்துக்கொள், அல்லது மன்னிக்காதே. மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

வாசனை இல்லை.

மறுபடி முகர்ந்தேன். பச்சை எண்ணெயின் சாயல்கூட இல்லை. காறலும் இல்லை. புது எண்ணெயில், நிதானமாக, சுத்தமாகக் காய்ச்சியிருக்கிறாய். வெண்ணெய் மாதிரி இருந்தது. என் கையிலேயே தடவிப் பார்த்தேன், அவ்வளவு இதமாக இருந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது, லலிதா பிழைத்தாள் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு தாம்பூல டப்பா ஒன்றைத் திறந்தேன். நார்த்தங்காய் மணம் குப்பென்று வந்தது. உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதை நீ நம்பவில்லை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்து மாய்ந்துகொண்டிருந்தேன்? நீ முழுக்க நம்பியிருக்கிறாய். நம்பி, ஒரே ஒருத்திக்கு மட்டும் வேறாகக் காய்ச்சியிருக்கிறாய்.

அதை எப்போது காய்ச்சினாய் என்று எனக்குத் தெரியவில்லை. என் கை கறுத்த பிறகா, அஞ்சலையின் கழுத்து கறுத்த பிறகா, இல்லை அதற்கும் முன்னாலேயே அந்தச் சீசாவைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? எதையும் விடாமல் கேட்கிறவள் நான்; இதை மட்டும் கேட்கப் பயமாக இருக்கிறது. இப்போதைக்கு என் கை கறுத்த பிறகுதான் என்றே நம்பிக்கொள்கிறேன். நம்புவது எனக்குப் பழக்கமில்லாத வேலை, உனக்காகச் செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். வைகாசிக்குப் பிறகு லலிதா உன் பெண்டாட்டியாகி இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். அஞ்சலை கூடையோடு வருவாள். லலிதா படித்த பெண். அந்தக் கழுத்தில் என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டாள். நான் பதில் சொல்லிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். தன் டப்பா மட்டும் ஏன் மணக்கவில்லை என்று அவள் அப்புறம் உன்னைக் கேட்பாள். அந்தக் கேள்விக்கு ரயிலிலேயே ஒரு பதிலை யோசித்துவை.

உன்னால் நல்ல ஸ்நோ காய்ச்ச முடியாது என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். முடியும் என்பதற்கு லலிதாவின் டப்பாவே சாட்சி. மணமே இல்லாமல், பயமே இல்லாமல், கெடாத எண்ணெயில் ஒரு டப்பா செய்திருக்கிறாய். ஆசை வைத்த இடத்தில் உன் கை எவ்வளவு நேர்மையாக வேலை செய்கிறது என்று பார்த்து எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பம்பாய்க்காரர்களுக்கு மணம் வேண்டுமாம். வேண்டுமானால் அவர்கள் தங்கள் கழுத்தில் தடவிக்கொண்டு மெரினா மணலில் ஒரு மத்தியானம் உட்காரட்டும்.

தாம்பூல டப்பாக்கள் கல்யாணப் பந்தலுக்குள் நுழையாது. அதை நான் முடிவுசெய்துவிட்டேன், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் இந்தத் தடவை சி.ஐ.டி. என்று சொல்லவில்லை. மற்றது உன் முடிவு. என் எதிரே இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, சிரிக்கிற பெண்ணின் படமும் ஒன்றுதான். மூடியைத் திறந்தால்தான் வேறு வேறு. லலிதாவுக்கு ஒன்று, அஞ்சலைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க என்னால் ஆகாது. பம்பாயில் எந்த டப்பாவுக்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்று தந்தி கொடு. வெள்ளிக்கிழமை அடையாறுக்கு அதுவே போகும், அதன் கதையையும் சொல்லித்தான் கொடுத்தனுப்புவேன்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிவைத்திருக்கிறேன். நம் ஊர் நார்த்தங்காய்தான். பயப்படாமல் சாப்பிடு.

அம்மா